பேதமுண்டோ

தில்லி முனிர்காவில் எங்கள் வீட்டுக்குக் குழாயில் தண்ணீர் காலையில் இரண்டு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் வரும். மற்ற நேரமெல்லாம் மொட்டை மாடித் தொட்டியில் இருப்பதை வைத்துக்கொண்டு சமாளிக்க வேண்டும். கழிவறையில் ஒருமுறை ஃப்ளஷ்ஷை அழுத்தினால் பத்து லிட்டர் போகும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மூன்றாவது வாரத்தில் நான் ஒரு நாளைக்குப் பதினோரு முறை போய்க்கொண்டிருந்தேன். நூற்றுப்பத்து லிட்டர். சமையல், குளியல், துணி எல்லாம் அது போக மிஞ்சியதில்தான். மதியம் மூன்று மணிக்குள் தொட்டி காலியாகிவிடும். கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் ஒருநாள் படியேறி வந்து, உங்கள் வீட்டில் குழாய் எங்காவது ஒழுகுகிறதா, நாள் முழுக்கத் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறதே என்று விசாரித்தார். என் மனைவி, "ஒழுவறது குழாய் இல்ல தாயி" என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு, ஆளை அழைத்துப் பார்க்கச் சொல்கிறேன் என்று ஹிந்தியில் சொல்லி அனுப்பிவைத்தாள். உள்ளே கமோடில் உட்கார்ந்திருந்த எனக்கு அது கேட்டது. எனக்கு எதிரே இருந்த சுவரில் நெடுக்கில் ஒன்பது ஓடுகள், குறுக்கில் ஆறு. அதில் ஒன்று விரிசல்.

எனக்கு அறுபத்தாறு வயது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பயிர் விளைச்சல் புள்ளிவிவரங்களைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எண்ணாமல் இருப்பது என்னால் ஆகாத காரியம். மாடிப்படி, பேருந்தில் நிற்பவர்கள், சாப்பாட்டில் கிடக்கும் மிளகு, எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பேன். எலும்பு மஜ்ஜையில் நோய் வந்து, கொடுத்த மருந்துகள் இரண்டு முறை தோற்று, கடைசியில் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைதான் வழி என்றார்கள். பொருந்திய ரத்தம் என் தங்கையுடையது. கரூரிலிருந்து ரயிலேறி வந்து, இரண்டு கைகளிலும் ஊசியோடு நான்கு மணி நேரம் அசையாமல் படுத்துக் கொடுத்தாள். அவ்வளவும் ஒரு சிறிய பையில் அடங்கிவிட்டது. தக்காளி சூப் நிறம். முக்கால் மணி நேரத்தில் எனக்குள் இறங்கி முடிந்தது.

அவளுடைய செல்கள் என் எலும்புக்குள் போய்ச் சரியாக ஒட்டிக்கொண்டன. வெள்ளணுக்கள் ஏறின, தட்டணுக்கள் ஏறின. வார்டில் கைதட்டி அனுப்பினார்கள். ஆனால் ஒட்டிக்கொண்ட செல்கள் சில பேருக்கு இருக்கும் வீட்டையே அந்நியமாகப் பார்க்க ஆரம்பிக்குமாம். தோலைத் தாக்கும், ஈரலைத் தாக்கும், குடலைத் தாக்கும். எனக்குக் குடல். அதற்கு நான்கு ஆங்கில எழுத்துகளில் ஒரு பெயர் உண்டு. என் மனைவிக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை. மருத்துவர் படம் போட்டு விளக்கி முடித்ததும் அவள் என் பக்கம் திரும்பி, "முப்பத்தொம்பது வருஷமா என்னைப் படுத்தினா. இப்ப உள்ளேயே பூந்து உங்களைப் படுத்தறா. நாத்தனார் எங்க போனாலும் நாத்தனார்தான்" என்றாள். நான் சிரித்தேன். சிரித்ததில் வயிறு கலங்கி எழுந்து ஓட வேண்டியதாயிற்று.

மருத்துவர் இளைஞர், வங்காளி, சுற்றி வளைத்துப் பேசாதவர். ரத்தத்தின் வேலை முடிந்துவிட்டது, இனிமேல் உங்கள் குடல்தான் முடிவு செய்யும் என்றார். ஸ்டீராய்டு மாத்திரைக்குக் குடல் அடங்கினால் பிழைத்துவிடுவீர்கள். அடங்காவிட்டால் வேறு மருந்துகள் இருக்கின்றன, ஆனால் அவற்றைப் பற்றி இதே நம்பிக்கையோடு பேச என்னால் முடியாது. இதை அவர் ஆங்கிலத்தில், ஒரு குறிப்பை வாசிப்பதுபோலச் சொன்னார். எத்தனை சதவீதம் என்று நான் கேட்டேன். உங்களுக்கு எண் சொல்வதில் பயனில்லை என்றார். எனக்கு எண் சொல்லாத மருத்துவர் மேல் அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

வீட்டில் எனக்குக் கொடுத்தது கஞ்சி, நன்றாகக் குழைந்த சோறு, வேகவைத்த ஆப்பிள், ஆறவைத்த வெந்நீர். பச்சையாக எதுவும் கூடாது. தயிர் கூடாது, மோர் கூடாது. வாயில் எதை வைத்தாலும் பழைய சாவியை நக்கியதுபோல இருக்கும். விழுங்கியது முக்கால் மணி நேரத்தில் வெளியே வரும். சோற்றுப் பருக்கைகள் போனபடியே வந்தன, எண்ணிவிடலாம் போல. மற்றதெல்லாம் தண்ணீர், குளத்துப் பாசி நிறத்தில். அந்த நாற்றம் மனித உடம்பிலிருந்து வரக்கூடியது என்று நான் நினைத்ததில்லை. மனைவி சாம்பிராணி போட்டாள். அது என் நுரையீரலுக்கு ஆகாது என்று நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் தில்லி ஜனவரி உள்ளே வரும். அதனால் மூடிய அறையில் நானும் அவளும் அந்த நாற்றமும் இருந்தோம். அவள் ஒருமுறைகூட முந்தானையால் மூக்கைப் பொத்தியதில்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

திங்கட்கிழமை தோறும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நடுவில் புதனும் வெள்ளியும் அங்கிருந்து ஒரு சிஸ்டர் போனில் கூப்பிட்டு விசாரிப்பார். கோட்டயம் பக்கத்துக்காரர், முப்பது வயதிருக்கும். வேகமாக வருவார், வேகமாக ஊசி போடுவார், வலிக்காது. நான் வார்டில் இருந்தபோதே, எங்கள் அலுவலகத்தில் என் பிரிவில் பதினான்கு பேரில் ஆறு பேர் மலையாளிகள், எனக்கு மலையாளம் நன்றாகத் தெரியும், நீங்கள் தாராளமாகப் பேசலாம் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். நாள் முழுக்க ஹிந்தியில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து என்னிடம் மலையாளம்தான்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் நான் கழிவறையில் இருந்தபோது போன் வந்தது. மனைவி எடுத்து, பேச்சு எனக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டாள்.

"சாருக்கு பனி உண்டோ சேச்சி?"

"அத ஏன் கேக்கறீங்க, மூணு நாளா பனிதான். எதிர் பிளாக்கே தெரியல."

சிஸ்டர் பதற்றத்தோடு எத்தனை டிகிரி என்று கேட்டார். மனைவி, காலையில் ஆறு என்று செய்தியில் சொன்னார்கள் என்றாள். நான் உள்ளேயிருந்து கத்தினேன், பனி என்றால் மலையாளத்தில் காய்ச்சல், எனக்குக் காய்ச்சல் இல்லை என்று சொல். சிஸ்டர் சிரித்தார், மனைவியும் சிரித்தாள், நான் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அடுத்த பத்து நாட்கள் போனில் விசாரித்த உறவுக்காரர்கள் எல்லோரிடமும் அந்தக் கதையைச் சொன்னேன். மொத்தம் ஒன்பது பேர். ஒவ்வொரு முறையும் மனைவி அடுப்படியில் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். அதன் பிறகு சிஸ்டர் கூப்பிட்டால் நானே எடுத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவது வாரத் திங்கட்கிழமை மருத்துவர் என் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு ஸ்டீராய்டை முழு அளவுக்கு ஏற்றினார். அதோடு மற்ற மாத்திரைகளும் சேர்ந்து ஒரு நாளைக்குப் பதினேழு. நாங்கள் வெளியே வந்த பிறகு அவர் சிஸ்டரிடம் ஒன்று சொல்லியிருக்கிறார். புதன்கிழமை விசாரித்துப் பாருங்கள், குணம் தெரிந்தால் அளவைப் பாதியாக்கிவிடலாம், ஏனென்றால் இந்த உடம்பு அந்த அளவை அதிக நாள் தாங்காது, கிருமி புகுந்துவிடும். குணம் தெரியாவிட்டால் அன்றே வரச் சொல்லுங்கள், படுக்கை தயாராக இருக்கட்டும். இது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

புதன்கிழமை காலை பத்தரைக்குப் போன் வந்தது. நான் அன்று அதற்குள் நான்கு முறை போயிருந்தேன். ஐந்தாவது முறைக்காகக் கமோடில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பனி உண்டோ என்று கேட்டார். இல்லை என்றேன். அடுத்த கேள்வி, "பேதி உண்டோ சாரே?" என்று என் காதில் விழுந்தது.

"உண்டு, உண்டு" என்றேன். அவர் சும்மா ஒப்புக்குக் கேட்கிறார் என்று பட்டதால், ஆறு மலையாளிகளிடம் கற்ற மலையாளத்தில் அழுத்திச் சொன்னேன்: "நல்லவண்ணம் உண்டு."

"ஆணோ? நன்னாயி சாரே" என்றார். அப்படியா, நல்லது என்று அர்த்தம். குரலில் நிஜமான சந்தோஷம்.

எத்தனை முறை, எந்த நிறம் என்று சொல்ல ஆரம்பித்தேன். பின்னணியில் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அதையெல்லாம் திங்கட்கிழமை டாக்டரிடம் சொன்னால் போதும், இப்போது பெரிய மாத்திரையைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பேதி நன்றாக ஆகிறது என்று சொன்னால் நன்னாயி என்கிறாரே என்று எனக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் என் போன்றவர்கள் எந்த உறுத்தலுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவோம். காலி வயிற்றில் பதினேழு மாத்திரை தின்றால் எந்தக் குடலும் இளகத்தான் செய்யும், மாத்திரைதான் காரணம் என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது, அதனால்தான் குறைக்கிறார்கள் என்று மனைவிக்கு விளக்கினேன். அவள், "பேதிக்கு யாராவது நல்லதுன்னு சொல்லுவாங்களா? இன்னொரு தரம் கேட்டுருங்க" என்றாள். மருத்துவமனைக்காரர்களை அடிக்கடி தொந்தரவு செய்யக்கூடாது என்றேன். மாத்திரையை இரண்டாக உடைத்து மறுபாதியைக் காகிதத்தில் மடித்து வைத்தாள்.

வியாழன் ஏழு முறை. வெள்ளி ஆறு. எண்ணிக்கை இறங்குகிறது பார் என்று சொன்னேன். ஒவ்வொரு முறையும் போவது முன்பைவிட இரண்டு பங்கு என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அளந்து பார்க்கக் கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி ஒன்று கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதை மனைவி தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பொறுக்காமல் முதல் நாளே பரணில் போடச் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. சிஸ்டருக்கு அன்று விடுப்பு.

சனிக்கிழமை வயிற்றை யாரோ துணி பிழிவதுபோலப் பிழிந்தது. ஞாயிறு காலையில் பாசி நிறம் போய்ச் சிவப்பு வந்தது. பீட்ரூட் எதுவும் சாப்பிடவில்லையே என்று யோசித்துக்கொண்டு எழுந்தேன். சுவரிலிருந்த ஓடுகளை ஒன்று, இரண்டு என்று பார்த்ததுவரை நினைவிருக்கிறது. விழுந்த சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாளும் அவர் மகனும் ஓடி வந்தார்களாம். இரண்டு மாடியும் என்னை நாற்காலியில் வைத்து இறக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். "ஆராம் ஸே, ஆராம் ஸே" என்று, மெதுவாக இறக்கச் சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் வந்தது எனக்கு அரைகுறையாகக் கேட்டது. என் உடம்பிலிருந்து வடிந்தது அவர் மகனின் சட்டையெல்லாம் ஆகியிருந்தது.

ரத்த அழுத்தம் எண்பதுக்குக் கீழே இருந்தது. மூன்று பை ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் காலை கண்விழித்தபோது சிஸ்டர் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"சாரே, புதனாழ்ச்ச சார் பறஞ்ஞதல்லே, நல்லவண்ணம் பேதமுண்டென்னு? பின்னெ இது எப்போழா தொடங்ஙியது?"

"புதன்கிழமை அதைத்தானே சொன்னேன். பேதி நல்லவண்ணம் உண்டுன்னு."

"பேதியோ?"

"பேதி. வயித்தால போறது."

அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாக, பாதி ஆங்கிலத்திலும் பாதி ஹிந்தியிலும் விளக்கினார். பேதம் என்றால் அவர்கள் ஊரில் குணம். நோய் பேதமாயோ என்றால் குணமாகிவிட்டதா என்று அர்த்தம். பேதமுண்டோ என்று அவர் கேட்டது, இப்போது தேவலையா என்று. நான் சொன்னது, ரொம்பவும் தேவலை என்று.

சொட்டு மருந்துக் குழாயில் சொட்டுகள் விழுந்தன. எண்ணவில்லை என்று சொன்னால் பொய். என் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"பனிக்கு அன்னிக்கு அப்படிச் சிரிச்சீங்களே."

அவ்வளவுதான் சொன்னாள். இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் வேறொரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

மாத்திரையைப் பாதியாக்காமல் இருந்திருந்தால், புதன்கிழமையே சேர்ந்திருந்தால் குடல் அடங்கியிருக்குமா என்று மருத்துவரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். முழு அளவிலும் அடங்காமலே போயிருக்கலாம், அடங்கியும் இருக்கலாம். இந்த நாலு நாளுக்கு என்ன மதிப்பு என்று வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். எண் கேட்காதீர்கள் என்றார். இப்போது தெரிந்தது ஒன்றுதான்: ஸ்டீராய்டு தோற்றுவிட்டது. நம்பிக்கையோடு பேச முடியாது என்று அவர் சொன்ன அந்த மற்ற மருந்துகளில் முதலாவதை ஆரம்பித்தார்கள்.

வாய்வழியாக எதுவும் கிடையாது. கழுத்து நரம்பில் ஒரு குழாய், அதன் வழியே பால்போல ஒரு பை, இருபத்துநான்கு மணி நேரமும். பசி இல்லை. ஆனால் அடுத்த அறையில் யாருக்கோ வீட்டிலிருந்து பருப்பு வந்தால் சீரகம் தாளித்த வாசனைக்கு வாய் ஊறும். ஊறியதை விழுங்கினால் வயிறு பிழியும். எச்சிலைத் துப்பப் பக்கத்தில் ஒரு கிண்ணம் வைத்திருந்தார்கள். இப்போது எல்லாவற்றையும் ஜாடியில்தான் பிடித்தார்கள். என் மனைவி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கோட்டைப் பார்த்து, "ஆயிரத்து இருநூறு" என்பாள், முனிர்கா காய்கறிக்காரனிடம் எடை பார்ப்பதுபோல. எனக்கு வெட்கம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எடை நாற்பத்து மூன்று கிலோ. கல்யாணத்தின்போது அறுபத்திரண்டு.

தங்கை கரூரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என் ரத்தம்தான் உன்னை இப்படிப் பண்ணுதாண்ணே? நான் குடுத்திருக்கவே கூடாதோ?" என்றாள். மனைவி போனை வாங்கிக்கொண்டாள். "நீ குடுக்கலன்னா போன வருஷமே போயிருப்பாரு. உன் ரத்தம் நல்லாத்தான் இருக்கு. உங்கண்ணனுக்குத்தான் காது சரியில்ல" என்றாள். தன் நாத்தனாரிடம் அவள் அவ்வளவு தணிந்து பேசி நான் கேட்டதில்லை.

சிஸ்டர் அந்தப் போன் பேச்சைத் தானே மேலதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். மூத்த நர்ஸ் ஒருவர் வந்து என்னிடம் விசாரித்தார். எனக்கு மலையாளம் தெரியும் என்று நான்தான் சிஸ்டரிடம் சொன்னேன், அவர் கேட்டது சரியான கேள்வி என்றேன். அதன் பிறகும் சிஸ்டர் என்னிடம் மலையாளம் பேசவில்லை. எத்தனை முறை, எவ்வளவு, வலி பத்தில் எத்தனை, எல்லாம் ஆங்கிலத்தில். கேட்பார், எழுதிக்கொள்வார், ஜாடியின் கோட்டைத் தானும் ஒருமுறை குனிந்து பார்ப்பார். நான் வாழ்நாள் முழுக்க மற்றவர்களிடம் எதிர்பார்த்த ஒழுங்கு அது. எனக்கு அது தண்டனையாக இருந்தது.

அந்தப் புதிய மருந்து தொடங்கி ஆறு வாரம் கழித்து, ஆயிரத்து இருநூறு என்பது எண்ணூறாகி, ஐந்நூறாகி அங்கேயே நின்றது. நடுவில் ஒரு கிருமி புகுந்து ஒன்பது நாள் காய்ச்சல். நிஜமான பனி. அதைத் தாண்டியதும் இரண்டு கரண்டி அரிசிக் கஞ்சி கொடுத்துப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். மனைவி உப்புப் போடாமல் காய்ச்சிப் புட்டியில் கொண்டுவந்தாள். முதல் கரண்டியில் எந்தச் சுவையும் தெரியவில்லை. இரண்டாவதில் ஏதோ இருந்தது. அரிசிதானா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலை சிஸ்டர் வந்தார். கையுறையை மாட்டிக்கொண்டே, பழக்க தோஷத்தில், "பேதமுண்டோ சாரே?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. கை பாதி கையுறையில் நின்றுவிட்டது. மனைவி மடித்துக்கொண்டிருந்த துண்டோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

இந்தமுறை சரியாகக் காதில் விழுந்தது. அதற்கு என்ன சொல்வதென்று யோசித்தேன். குணமாகிவிட்டது என்று மருத்துவரே இன்னும் சொல்லவில்லை. கஞ்சி தொடர்ந்து தங்குமா என்று போகப்போகத்தான் தெரியும்.

"ரெண்டும் உண்டு சிஸ்டர்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் ஆங்கிலத்துக்கும் திரும்பவில்லை.

"எத்தற பிராவஶ்யம்?" என்றார்.

"நாலு தடவை."

மனைவி துண்டை வைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து ஜாடியை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். சிஸ்டரும் போய் அவள் பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தார். முந்நூற்றைம்பது என்று இருவரும் சேர்ந்தாற்போலச் சொன்னார்கள்.